ஒரு பிளவுஸ் பிட் நீளம்

"அக்கா, உங்க கால்ல ரத்தம்" என்றாள் என்னிடம் தையல் பழகும் பெண்.

குனிந்து பார்த்தேன். இடது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அங்கே ஒரு குண்டூசி முக்கால்வாசி இறங்கியிருந்தது. துணி வெட்டும் மேஜையிலிருந்து மெஷின் வரை மொசைக் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். எப்போது குத்தியது என்று தெரியவில்லை. பிடுங்கி எடுத்தபோதும் வலிக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடத் தையலில் ஊசி எத்தனையோ முறை குத்தியிருக்கிறது. குத்தியது தெரியாமல் போனது அன்றுதான்.

அது 2020 பொங்கல் கழிந்த வாரம். மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், வீட்டு முன்னறையிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு 2007-ல் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து மெட்ஃபார்மின். முதலில் காலையும் இரவும் 500 மில்லிகிராம், பிறகு காலையும் இரவும் 1,000. வயிறு எரிகிறது என்று வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் ஒன்று, அதுவும் நாலைந்து வருடமாக. எங்கள் வீடு அப்பா காலத்திலிருந்தே வள்ளலார் வழி. மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. சர்க்கரை வந்த பிறகு பால் காபியையும் விட்டு வரக்காபிக்கு மாறியிருந்தேன். சர்க்கரையோடு இத்தனையும் சேர்ந்துதான் என் காலை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. அப்போது எனக்கு அது தெரியாது.

தொந்தரவு தொடங்கியது 2018-ல். முதலில் எரிச்சல். பகலில் வேலை ஓட்டத்தில் தெரியாது. ராத்திரி படுத்ததும் மிளகாய் அரைத்த அம்மியில் பாதத்தை வைத்தது போல எரியும். போர்வை விரலில் பட்டால்கூடப் பொறுக்காது. ஈரத்துணி சுற்றிக்கொண்டு, ஃபேனுக்கு நேராகக் காலை நீட்டிப் படுப்பேன். அப்புறம் எறும்பு ஊர்கிற மாதிரி, திடீரென்று கரன்ட் அடிக்கிற மாதிரி. அதற்கும் பிறகு மதமதப்பு. தரையில் நடந்தால் பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும். ஒருநாள் லைனிங் துணி வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். நெரிசலில் செருப்பு கழன்றிருக்கிறது, தெரியவே இல்லை. "ஒத்தச் செருப்போட எங்கம்மா போற?" என்று ஒரு பூக்காரம்மா கேட்ட பிறகுதான் காலைப் பார்த்தேன்.

மெஷினில் மோட்டார் போட்டிருந்தேன். பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதம் சொல்ல வேண்டும். என் பாதம் சொல்லவில்லை. மெல்ல ஓட்ட நினைத்தால் மெஷின் பறந்துவிடும். கழுத்து வளைவில் தையல் கோணிக்கொண்டு போகும், பிரித்துத் தைப்பேன். வேலை சுத்தமாக இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டரிடம் போகவில்லை. மருந்துக்கடையில் போய், "கால் மரத்துப்போகுது, நரம்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டேன். பி-காம்ப்ளெக்ஸ் ஸ்ட்ரிப் ஒன்று கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் அதையே விழுங்கினேன். நம் ஊரில் கால் எரிந்தாலும், கை நடுங்கினாலும், அசதியாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரே பெயர்; எல்லாவற்றுக்கும் ஒரே சத்து மாத்திரை. நடுவில் ஒரு முகாமில் ரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிடும் கலந்த மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டதில் ரத்தம் கொஞ்சம் ஏறியது. கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் சரிசெய்தது போலக் காட்டிவிடும், அடியில் நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

குண்டூசிக்குப் பிறகு வீட்டுக்காரர் விடவில்லை. நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போனார். எனக்கு அந்தப் பரிசோதனையே பெரிய பாடம். கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் போன்ற ஒரு கம்பியால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளைகிற மாதிரி செய்த நூல் அது. "படுதா? எங்க படுது?" பத்து இடத்தில் தொட்டதில் நான்குதான் எனக்குத் தெரிந்தது. பிறகு இசைக்கவை. தட்டி, கட்டைவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு நின்னதும் சொல்லுங்க" என்றார். அதிர்வு தொடங்கியதே தெரியவில்லை, நிற்பதை எப்படிச் சொல்வேன்? குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார், பாதம் அசையவில்லை. நரம்பில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் நெர்வ் கண்டக்‌ஷன் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். எரிச்சல் மட்டும் உள்ளவர்களுக்கு அது சரியாகவே வரலாம்; அது பெரிய நரம்புகளைத்தான் காட்டும், எரிச்சலைக் கொண்டுவரும் மெல்லிய நரம்பிழைகளைக் காட்டாது. ரிப்போர்ட் நார்மல் என்றால் வலி பொய் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. மூன்று மாதச் சர்க்கரை 8.4. பி12 அளவு 118 பிகோகிராம். 200-க்குக் கீழே போனாலே குறைவு என்கிறார்கள். சிவப்பணுக்களின் சராசரி அளவு 104. 100-க்கு மேல் வீங்கியிருந்தால் பி12-ஐயும் ஃபோலிக் ஆசிடையும் சந்தேகப்பட வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. டாக்டர் சொன்னது: "உங்களுக்கு சுகரால பாதி, பி12 இல்லாததால பாதி. சுகர்ல போனத முழுசா மீட்க முடியாது, மேல போகாம நிறுத்தலாம். பி12-ல போனத ஓரளவு மீட்கலாம். ஆனா லேட்டா வந்திருக்கீங்க."

பி12 செடிகொடியில் கிடையாது. நுண்ணுயிர்கள்தான் அதை உண்டாக்குகின்றன; மாமிசம், மீன், முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. இட்லி மாவு புளிப்பதில் வருகிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்று சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சாப்பாட்டில் இருந்தாலும் வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்கும். என் பான்டோப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைத்திருந்தது. பிரிந்ததை சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்ச வேண்டும். மெட்ஃபார்மின் அதைத் தடுக்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு உண்டு, அதனால் உடனே தெரியாது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் பி12-ஐப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2022-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே டாக்டர்களுக்கு எழுதியிருக்கிறது. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நான் இன்றும் சாப்பிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். பி12-ஐ மட்டும் பாருங்கள்.

ஒன்றரை வருடம் சாப்பிட்ட அந்த ஸ்ட்ரிப்பை வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். பி12 இருந்தது, 15 மைக்ரோகிராம். அதில் என் குடல் எவ்வளவு எடுத்திருக்கும்? குறைவு உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் 1,000, 1,500 என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. உறிஞ்சும் வழி கெட்டிருந்தாலும் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். 1,500-ல் ஒரு பங்கு 15. ஒரு நாளைக்குத் தேவையோ 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான்.

எனக்கு ஊசி போட்டார்கள். பழுப்புக் கண்ணாடிக் குப்பியை உடைத்து மருந்தை உறிஞ்சும்போது பார்த்தேன், மாதுளம் சாறு மாதிரி ஆழ்ந்த சிவப்பு. கோபால்ட் என்ற உலோகம் அதற்குள் இருப்பதால் அந்த நிறமாம். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்புக் குப்பி. ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு ஊசி, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. மூன்றாவது வாரமே நாக்கு எரிவது நின்றது. நாக்கு எரிந்துகொண்டிருந்ததையே நான் ஒரு நோயாக நினைக்கவில்லை, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டிருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது குறைந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது.

"எவ்வளவு நாள் ஆகும் டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். ஒருநாள் அவர் என் இடுப்பில் விரலை வைத்து, அங்கிருந்து கால் கட்டைவிரல் வரை இழுத்துக் காட்டினார். பாதத்துக்கு வரும் நரம்பு முதுகுத்தண்டின் அடியிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் வருகிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு அதுதான், அதனால்தான் நுனியில் முதலில் பழுதாகிறது. பாதத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை சாக்ஸ் மாதிரி ஏறிய பிறகு கைவிரலில் தொடங்கும். அறுந்த நரம்பிழை வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் என்றால் எனக்குச் சட்டென்று புரிகிற அளவு, ஒரு பிளவுஸ் பிட். ஒரு பிளவுஸ் பிட் நீளத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தைத்துக்கொண்டு போகிற வேலை. அன்றிலிருந்து நான் நாள் கணக்குக் கேட்கவில்லை.

2020 முடியும்போது செருப்பு காலில் இருப்பது தெரிந்தது. நூல் தொடுவது பத்தில் ஏழு இடத்தில் தெரிந்தது. எரிச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு இரவில் ப்ரீகாபலின் 75 மில்லிகிராம் கொடுத்தார்கள். எனக்குத் தூக்கம் வந்தது, எரிச்சல் பாதியானது. காலையில் தலை கிறுகிறுக்கும், கணுக்காலில் வீக்கம் வந்தது, எடையும் மூன்று கிலோ கூடியது. இந்த மாத்திரை வலியைத் தணிக்கும், நரம்பை வளர்க்காது. பல கடைகளில் இதையும் மெத்தில்கோபாலமின் என்ற பி12-ஐயும் ஒரே குளிகையாகச் சேர்த்து 'நரம்பு மாத்திரை' என்று கொடுக்கிறார்கள். வைட்டமின் என்று நினைத்து இதைச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். திடீரென்று நிறுத்தவும் கூடாது, சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். கையில் இருக்கும் ஸ்ட்ரிப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிதான் இருந்திருக்கும்.

பி12 என்னைத் தூக்கி நிறுத்தியதும் எனக்கு வைட்டமின் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு சரியாகிறது என்றால், இன்னும் கொடுத்தால் மிச்ச எரிச்சலும் போய்விடும் என்று நினைத்தேன். 2022 தீபாவளிக்கு நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் மகன் வந்தான். "அத்தை, இது நரம்புக்குன்னே ஸ்பெஷலா இருக்கு" என்று பெரிய பாட்டில் இரண்டு கொடுத்தான். பாசத்தோடு கொடுத்தான், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒன்று நரம்புக்கென்றே விற்பது, நாளுக்கு இரண்டு. இன்னொன்று பி வைட்டமின் அத்தனையும் சேர்ந்தது, நாளுக்கு ஒன்று. இவற்றோடு பழைய கடை ஸ்ட்ரிப்பையும் விடவில்லை. காலை டிபன் முடிந்ததும் உள்ளங்கையில் வரிசையாக வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மருந்து என்று தோன்றினால்தானே சொல்வேன்? அது சத்து என்றுதான் இருந்தேன்.

முதல் சில மாதம் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. 2023 கடைசியில் விரல்கள் மாறின.

தைக்கிறவளுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கண். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் பட்டா, ஆர்ட் சில்க்கா என்று தெரியும். எது நல்ல பக்கம், எது உள்பக்கம் என்று தெரியும். மார்கழியில் ஒரு டீச்சர் கொண்டுவந்த கருநீலத் துணியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார். கண் நன்றாகத்தான் இருந்தது. விரல்தான் துணியை இழந்திருந்தது. ஹெம்மிங் செய்யும்போது ஊசி நழுவும். ஹூக் கட்டும்போது நூல் இறுகியதா இல்லையா என்று தெரியாது, அறுந்த பிறகுதான் தெரியும். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு தள்ளாடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வேன். ராத்திரி விளக்கில்லாமல் பாத்ரூம் போக முடியவில்லை. சுகர் முற்றிவிட்டது, அவ்வளவுதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

2024 சித்ரா பௌர்ணமி. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம், பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியுடையம்மன் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்ப்பது. நாத்தனாரும் நானும் போனோம். திருவொற்றியூரில் பதினொன்றரை மணி வெயில். பிரகாரம் பெரியது. எல்லோரும் கல் சுடுகிறது என்று குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக, கைகூப்பிக்கொண்டு, மூன்று சுற்று வந்தேன். "உனக்கு அம்மன் துணை இருக்கா" என்றாள் நாத்தனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திருமுல்லைவாயிலில் கால் கழுவ உட்கார்ந்தபோது இரண்டு உள்ளங்காலிலும் தண்ணீர் கோத்த கொப்புளங்கள். வலது காலில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில்தான் டாக்டர் கேட்டார், "வேற என்ன சாப்பிடறீங்க? சத்து மாத்திரை, பவுடர், லேகியம், எதுவா இருந்தாலும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க." மஞ்சப்பையில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஒரு தாளில் ஒரே ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். பைரிடாக்சின் 50. இரண்டு வேளை, 100. அடுத்த பாட்டிலில் 100. ஸ்ட்ரிப்பில் 3. கூட்டி, 203 என்று வட்டம் போட்டார்.

பைரிடாக்சின் என்றால் பி6. உடம்புக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 மில்லிகிராம் போதும். அதிகமாகப் போனால் அதுவே தொடு உணர்வு நரம்பைக் கெடுக்கும்; மதமதப்பு, எரிச்சல், தள்ளாட்டம். நரம்புக்கென்று நான் சாப்பிட்ட மருந்தே நரம்புநோயைக் கொடுக்கும் என்று கேட்டபோது காது அடைத்துப்போனது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தினமும் 2 கிராம், அதற்கும் மேல் சாப்பிட்டு நடக்க முடியாமல் போனவர்களைப் பற்றி அமெரிக்க டாக்டர்கள் 1983-லேயே எழுதியிருக்கிறார்கள். பிறகு அதைவிட மிகக் குறைந்த அளவை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நாள் உச்சவரம்பு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதை 12 என்று நிர்ணயித்தது. பி வைட்டமின் தண்ணீரில் கரையும், அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்று நாம் எல்லோரும் சொல்வோமே, பி6 விஷயத்தில் அதை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு.

இத்தனைக்கும் இதே பி6 வேறு இடத்தில் காவல் மருந்து. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் உடம்பில் பி6-ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும். அதனால் அந்த நோயாளிகளுக்குச் சிறிய அளவில் பி6 சேர்த்துக் கொடுப்பார்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள் என் கதையைக் கேட்டு அந்தச் சிறிய மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்குத் தேவை இருக்கிறது, எனக்கு இல்லை.

பி6 அளவு பார்க்க ரத்தம் எடுத்தபோது குழாயை உடனே வெள்ளித்தாளில் சுற்றினார்கள், அதற்கும் வெளிச்சம் ஆகாதாம். ரிசல்ட் உச்சவரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினேன். டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார், "நிறுத்தின பிறகும் சில வாரம் கூடும். பயந்து திரும்ப ஆரம்பிச்சிடாதீங்க." அப்படியே ஆனது. முதல் ஐந்து வாரம் விரல்நுனி முன்பைவிட மோசம். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், சத்தை நிறுத்தியதால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி விழுங்கியிருப்பேன். ஆடியில் தள்ளாட்டம் குறைந்தது. கார்த்திகை வாக்கில் பாபின் கேஸை மெஷினுக்கடியில் பார்க்காமல் விரலாலேயே பொருத்த முடிந்தது.

இப்போது மாத்திரை வாங்கினால் முன்பக்கப் பெயரைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் படிக்கிறேன், லென்ஸ் வைத்து. மெத்தில்கோபாலமின், மெகோபாலமின், சயனோகோபாலமின் எல்லாம் பி12. பைரிடாக்சின், பைரிடாக்சல் பாஸ்பேட் என்றால் பி6. தயமின், பென்ஃபோடியமின் என்றால் பி1. இரண்டு ஸ்ட்ரிப்பில் ஒரே பெயர் வந்தால் கூட்டிப் பார்க்க வேண்டும். பயோட்டின் என்று இருந்தால் அதை லேபில் சொல்ல வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு போன்ற சில பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டிவிடும். டாக்டரைக் கேட்டு ஆல்ஃபா லிப்போயிக் ஆசிடும் 600 மில்லிகிராம் மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்தேன். சர்க்கரையால் வரும் எரிச்சல் குறைவதாகச் சில ஆய்வுகள் உண்டு. எனக்குச் சிறிது தணிந்தது, ஆனால் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை, விட்டுவிட்டேன். இன்று என்னிடம் இருப்பது மாதம் ஒரு பி12 ஊசி, சர்க்கரை மாத்திரை, இரவில் ப்ரீகாபலின். மூன்று மாதச் சர்க்கரையை 7.1-க்குக் கொண்டுவந்திருக்கிறேன். அது 8-ல் நின்றிருந்தால் எந்த வைட்டமினும் எனக்கு உதவியிருக்காது.

கீழ்வீட்டு அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மெட்ஃபார்மின் வீட்டுக்கே வருகிறது. கால் எரிகிறது என்று அவர் வாரம் ஒரு சிவப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தார், யாரும் பரிசோதிக்கவில்லை. நான் பிடிவாதமாக அழைத்துப்போய்ப் பார்த்ததில் தைராய்டு சுரப்புக் குறைவு. நரம்பு கெட இன்னும் எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. குடி, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், சில புற்றுநோய் மருந்துகள். வசதி இல்லாதவர்களுக்குச் சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நீரிழிவுக்கும் நரம்புக்கும் தனித்தனித் துறைகளே உண்டு. மாதக்கணக்கில் மெல்ல ஏறுகிற மதமதப்பு என்றால் நாள் பார்த்துப் போகலாம். இரண்டே நாளில் கால் பலம் இழந்து மேலே ஏறினாலோ, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே ஓட வேண்டும்.

பாதத்தைப் பார்த்துக்கொள்வது எனக்கு இப்போது பல் தேய்ப்பது மாதிரி. வாடிக்கையாளர்கள் பிளவுஸ் போட்டுப் பார்க்கும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, ராத்திரி படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கிறேன். காந்தம் கட்டிய ஒரு குச்சியால் தரையைத் துழாவிய பிறகுதான் கடையைச் சாத்துகிறோம். தினமும் நாலைந்து குண்டூசியாவது அதில் ஒட்டிக்கொண்டு வரும். குளிக்கிற தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கிறேன். காலுக்கு ஒத்தடம், வெந்நீர்ப் பை, கொசுவத்திச் சுருள் பக்கத்தில் காலை நீட்டிப் படுப்பது எதுவும் இல்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பழையபடி கால் மெஷின்தான். மிதியின் ஆட்டத்தைக் கண்ணாலும் காதாலும் பிடித்துக்கொள்ள முடிகிறது.

வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மெத்தென்ற ரப்பர் அடியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழுநோயால் பாதம் உணர்விழந்தவர்களுக்குப் புண் வராமல் காக்க வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் பாடுபட்டார்கள். அவர் 1946-ல் அங்கே வந்தவர். வலி இல்லாமல் போவதுதான் அந்த நோயாளிகளின் கைகால்களை அழிக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். அந்த வேலையில் பயன்பட்ட ரப்பர்தான் இன்று சர்க்கரைக்காரர்களின் காலில் இருக்கிறது. பின்பட்டை வைத்தது வாங்குங்கள், கழன்றால் நமக்குத் தெரியாதல்லவா? பாதம் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போய் அளவு பாருங்கள்.

இன்னும் இடது கட்டைவிரல் நுனி மரத்துத்தான் இருக்கிறது. டாக்டர் நூலை வைத்தால் பத்தில் எட்டு இடம் தெரிகிறது. விரல்கள் திரும்பி வந்துவிட்டன. பட்டையும் ஆர்ட் சில்க்கையும் பிரித்துச் சொல்கிறேன், க்ரேப்பில் மட்டும் எப்போதாவது சந்தேகம் வந்தால் பழகும் பெண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வருடமும் சித்ரா பௌர்ணமிக்குப் போனோம். மேலூரை விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டோம். திருவொற்றியூரில் தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு சன்னதி வரை போய் அம்மனைப் பார்த்துவிட்டு, மண்டபத்து நிழலில் உட்கார்ந்துகொண்டேன். பிரகாரம் சுற்றவில்லை. நாத்தனார், "நீ இரு, உனக்கும் சேர்த்து வரேன்" என்று சொல்லிவிட்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடி, ஆறு சுற்று வந்தாள்.